கல்லும் பானையும் பாடும் ஊர்

திருவனந்தபுரத்தில் நவராத்திரி. தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கினால் மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. டீக்கடைக்கு டீக்கடை பழம்பொரி வேகும் தேங்காயெண்ணெய் மணம். சென்னையில் இந்த மாதத்துக் காலையிலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே ஈரக்காற்று கையைப் பிடித்து அழைத்துப் போகாத குறைதான். கிழக்கேகோட்டை வரை நடந்தே போய்விட்டேன்.

பத்மநாப சுவாமி கோயிலின் ஏழுநிலைக் கோபுரத்தைத் தூரத்தில் பார்க்கும்போது, நம் பாண்டிநாட்டில்தான் நிற்கிறோமோ என்று தோன்றும். வாசலுக்குப் போனால் வழக்கமே வேறு. ஆண்களுக்கு வேட்டி மட்டும். சட்டைக்கு அனுமதி இல்லை, கைபேசிக்கும் இல்லை. வெற்றுத் தோளோடு சீவேலிப்புரப் பிரகாரத்துக்குள் நுழைந்தேன். அம்மாடி! இருபுறமும் விளக்கேந்திய பாவைகள் நிற்கும் கருங்கல் தூண்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை போகின்றன. 365 தூணும் ஒரு கால் தூணும் என்று கணக்குச் சொல்கிறார்கள். மார்த்தாண்ட வர்மா காலத்தில் எழுந்த பிரகாரம் இது.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் குலசேகர மண்டபம். 1758 முதல் 1798 வரை ஆண்ட தர்மராஜா கார்த்திகைத் திருநாள் ராம வர்மா எழுப்பியது. அதன் மூலைகளில் ஒல்லியான கல் தூண்கள் கொத்துக் கொத்தாக நிற்கின்றன. அங்கிருந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பார்த்து, "பதுக்கே மதி, சாரே" (மெதுவாகப் போதும், சார்) என்றபடி தம் விரல்நுனியால் ஒரு தூணைத் தொட்டார். கணீரென்று ஒரு சுரம். பக்கத்துத் தூணில் வேறொரு சுரம். நான் காதைக் கல்லோடு ஒட்டி வைத்தேன். ஒலி அடங்கிய பிறகும் கன்னத்தில் மெல்லிய அதிர்வு தெரிந்தது. கல்லா இது!

உள்ளே குடைந்திருப்பார்களோ என்று யாருக்கும் சந்தேகம் வரும். ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத் தூண்களைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தார்கள். தூண்கள் முழுக்கக் கெட்டி. தட்டும்போது தூண் நுணுக்கமாக வளைந்து அதிர்வதால்தான் ஒலி பிறக்கிறது. நீளமும் பருமனும் சற்றே மாறினால் சுரமும் மாறிவிடும். நெல்லையப்பர் கோயிலிலும் சுசீந்திரத்திலும் இத்தகைய தூண்களைச் செதுக்கிய கல்தச்சர்கள் உளியோடு காதையும் தீட்டி வைத்திருந்தவர்கள். ஆனால் தட்டித் தட்டியே தேய்ந்து போகும் என்பதால் ஹம்பியில் இப்போது தொடவே விடுவதில்லை. அந்தப் பெரியவரின் 'பதுக்கே' எத்தனை பெரிய அறிவுரை!

கோயிலை விட்டு வெளியே வந்தால், கருவேலப்புர மாளிகையின் உச்சியில் மேத்தன் மணி. ஸ்வாதித் திருநாள் காலத்துக் கடிகாரம். முகப்புக்கு மேலே தாடி வைத்த ஒரு முகம், இரு கன்னத்துக்கும் பக்கத்தில் ஒவ்வோர் ஆட்டுக்கடா. மணி அடிக்கும் நேரத்தில் வாய் திறக்க, கடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும் பொறி அது. வீட்டுக்கு வீடு கடிகாரம் இல்லாத காலத்தில், ஓர் ஊரையே அண்ணாந்து பார்க்கவைத்து நேரம் சொல்லியிருக்கிறது. பக்கத்திலேயே ஸ்வாதித் திருநாள் கட்டிய குதிரை மாளிகை. கூரை விளிம்பின் கீழே 122 மரக்குதிரைகள் பாய்கின்றன. பாட்டெழுதிய அரசர் குடியிருந்த வீடு என்றதும் படியேறும்போது கால் தானாக மெதுவாகிறது.

மாலையில் நவராத்திரி மண்டபம். இங்கே கொலுவிருக்கும் சரசுவதி நம் பக்கத்து அம்மன். தக்கலை அருகே பத்மநாபபுரத்திலிருந்து யானைமேல் வருகிறாள். சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசுவாமியும் கூடவே வருகிறார்கள். சரசுவதியின் விக்கிரகம் கம்பர் பூசித்தது என்பது ஐதீகம். களியக்காவிளை எல்லையில் கேரளம் எதிர்கொண்டு வரவேற்கிறது.

உள்ளே எண்ணெய் விளக்குகளின் வெளிச்சம் மட்டும். மேலே பார்த்தால் கூரையிலிருந்து மண்பானைகள் தலைகீழாகத் தொங்குகின்றன! ஒலியைச் சீராக்க அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. முல்லைமூடு பாகவதர்கள் தோடய மங்களம் பாடி முடித்ததும் கச்சேரி தொடங்கியது. ஒன்பது நாளுக்கும் ஸ்வாதித் திருநாளின் ஒன்பது கிருதிகள், நாளுக்கொரு ராகம். அன்று நான்காம் நாள், தோடி. இங்கே கைதட்டக் கூடாது. சென்னை சபாவில் பல்லவி முடிவதற்குள் கைதட்டல் எழும், பாதியில் கேன்டீனுக்கு எழுந்து போவோரும் உண்டு. இங்கே ஒரு சங்கதி முடிந்தால் அது மண்டபத்துக்குள் கரைந்து முடியும் வரை யாரும் அசைவதில்லை. தம்புராவின் ரீங்காரம் தரை வழியே தொடைக்கு ஏறி வந்ததை உணர்ந்தேன்.

இதே மேடையில் பெண் குரல் ஒலிக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பாறசாலை பொன்னம்மாள் பாடி அந்தக் கதவைத் திறந்தார். இத்தனை நுட்பமான மண்டபம் அத்தனை காலம் பாதிக் குரல்களைக் கேட்காமலே இருந்ததே என்று மனசு பதைத்தது.

கட்டுமானத்தைப் பாடவைக்கும் ஆசை வெளிநாடுகளிலும் உண்டு. குரோஷியாவின் ஜாடர் நகரில் 2005-ல் கடற்கரைப் படிக்கட்டுக்குள் 35 குழாய்களைப் பதித்து அலைகளை வாசிக்க வைத்தார் கட்டடக் கலைஞர் நிகோலா பாஷிச். ஸ்டாக்ஹோமின் ஓடன்பிளான் சுரங்க ரயில் நிலையத்தில் 2009-ல் படிகளைப் பியானோக் கட்டைகளாக்கினார்கள். ஏறுகிறவர்களின் பாதமே வாசித்தது. எல்லாம் அருமை. ஆனால் விரல்பட்டால் பேசும் தூணையும் மூச்சடக்கினால் முழுதாய்க் கேட்கும் மண்டபத்தையும் நம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, காதைப் பிளக்கும் அறிவிப்பு எதிரொலிக்கும் பேருந்து நிலையங்களை ஏன் கட்டிக்கொண்டிருக்கிறோம்? அடுத்த நிலையத்துக்கு வரைபடம் போடுகிறவர்கள், ஒரு நவராத்திரி மாலை இங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போய்ப் பென்சிலைத் தொடட்டும்.