தள்ளுபடியில் ஒரு படுக்கை

எங்கள் வீட்டில் அத்லாந்திக்கைப் படுத்துக்கொண்டே கடந்த முதல் ஆள் அண்ணா. பிஸினஸ் கிளாஸ், கம்பனிச் செலவு. ஒருவரும் விலை கேட்கவில்லை. 74 வயதில் இரண்டு முழங்காலும் வீங்கும் அம்மாவை அப்படியே லண்டனிலிருந்து ரொறொன்ரோவுக்கு, அக்காவிடம் கூட்டிப்போக வேண்டும் என்றேன். எல்லோரும் விலையைத்தான் கேட்டார்கள். "எனக்கேன் பிள்ளை ஆகாயத்திலை கட்டில்?" என்றார் அம்மாவும்.

மறுநாள் கூட்டம் இருப்பதால் அண்ணாவுக்குப் படுக்கை தேவை என்பது எல்லோருக்கும் விளங்கியது. அம்மா மறுநாள் அக்காவின் குசினியில் நிற்கப்போகிறவர் என்பது எவருடைய கணக்கிலும் வரவில்லை.

ஆகவே மலிவாகத் தேடினேன். அந்த இருக்கைகளின் விலை கம்பனிகளின் செலவை நம்பி வைக்கப்படுவது. ஓகஸ்டிலும் நத்தாரிலும் அலுவலகப் பயணங்கள் குறையும்போது, காலிப் படுக்கைகளை நிரப்ப விலையை இறக்குவார்கள். அடுத்தது வரி. பிரித்தானியாவிலிருந்து புறப்பட்டால் கனடாத் தூரத்துக்கு, 2025 ஏப்ரலில் தொடங்கிய வரியாண்டில் சாதாரண வகுப்புக்கு 90 பவுணும் மேல்வகுப்புக்கு 216 பவுணுமாக இருந்தது. அயர்லாந்து தன் பயண வரியை 2014இலேயே நீக்கிவிட்டது. டப்ளினில் தொடங்கும் ரிக்கற்றின் கட்டணமும் பலவேளை குறைவு. ஆனால் முதல் விமானத்தைத் தவறவிட்டால் மிச்சப் பயணமும் ரத்தாகிவிடும். அதனால் முதல்நாளே வேறு ரிக்கற்றில் டப்ளின் போய், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இரவு தங்கினோம். தங்கிய செலவையும் கூட்டிப் பார்த்தபோது லண்டன் விலையில் மூன்றில் இரண்டு பங்குதான் வந்தது.

இதற்கு மூன்று மாத இரவுகள் போயின. பாத்திரம் கழுவிவிட்டு வந்து விலைகளைக் கொப்பியில் எழுதினேன். அண்ணாவின் ரிக்கற்றை அலுவலகத்தில் சம்பளத்துக்கு ஒருவர் பதிந்துகொடுத்தார். எனக்குக் கிடைத்தது "கெட்டிக்காரி" என்ற பெயர்.

தள்ளுபடி என்ற பிறகுதான் அம்மா சம்மதித்தார். வருடக்கணக்காகச் சீட்டு நடத்தி, எடுத்த காசையெல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர். தன் உடம்புக்கு முழுவிலை கொடுக்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நானும்கூட "முழங்காலுக்காக" என்று சொல்லவில்லை. "மலிவம்மா" என்றுதான் சொன்னேன்.

ரொறொன்ரோவில் அக்காவின் மாமியாரிடம் அம்மா பெருமையாகச் சொன்னார்: "நான் படுத்துக்கொண்டு வந்தனான். உங்களுக்கும் முழங்கால் வருத்தம்தானே, இவளிட்டைக் கேளுங்கோ."

இப்போது என் கொப்பியில் மூன்று மாமிமாரின் பயணத் திகதிகள் இருக்கின்றன. இந்தமுறை தேடும் வேலையில் பாதியை அண்ணாவிடம் கொடுத்திருக்கிறேன்.