நீலத் தாளில் ஒரு நிலா

இத்தாலிக்குப் போகிறவர்கள் வெனிஸைப் பார்ப்பார்கள், ரோமாபுரியைப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கிற பொலோன்யாவை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி! நீங்கள் போனால் அப்படிச் செய்துவிடாதீர்கள். அங்கே இறங்குங்கள்.

அவ்வூர்ச் சர்வகலாசாலையின் பொஜ்ஜி மாளிகை மீது, வானத்தை ஆராய்வதற்கென்றே 18-ம் நூற்றாண்டில் எழுப்பிய கோபுரம் ஒன்று நிற்கிறது. இப்போது அது மியூசியம். படியேறினால் மூச்சு வாங்கும். பரவாயில்லை, ஏறுங்கள்.

அந்த மியூசியத்தின் பொக்கிஷங்களில் பத்துச் சித்திரங்கள் உண்டு. நீலத் தாளில் கலர்ச் சாக்குக் கட்டியால் தீட்டிய சந்திரன், வியாழன், சனி. எந்தப் பெரிய ஓவியர் கைவண்ணமோ என்று நினைப்பீர்கள். தீட்டியது ஒரு பெண்!

மரியா கிளாரா ஐம்மார்ட் 1676-ல் ஜெர்மனியில் நூரம்பர்க் நகரில் பிறந்தாள். தகப்பனார் செப்புத் தகட்டில் படம் செதுக்குபவர். வான சாஸ்திரப் பித்தர். 1678-ல் ஊர்க் கோட்டை மதில் மேலேயே ஆராய்ச்சிக் கூடம் அமைத்துவிட்டார். மகளுக்குக் கணிதமும் சித்திரமும் கற்றுக் கொடுத்தார். 1693 முதல் 1698 வரை தூரதிருஷ்டிக் கண்ணாடி வழியாகச் சந்திரனைப் பார்த்துப் பார்த்து அவள் வரைந்த படங்கள் சுமார் 350. எத்தனை இரவுகள் கண் விழித்திருப்பாள்!

வான சாஸ்திரத்துக்குச் சித்திரம் எதற்கு என்கிறீர்களா? அது காமிரா இல்லாத காலம். கண்ணாடியில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். கண்டதை மற்றவர்களுக்குக் காட்டக் கைதான் உதவ வேண்டும். 1609-ல் இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் சந்திரனைக் கண்ணாடியில் பார்த்து வரைந்தார். மலை இருப்பது அவருக்குப் புலப்படவில்லை. அதே வருஷக் கடைசியில் கலிலியோ பார்த்தார். அவர் சித்திரம் பயின்றவர். ஒளியும் நிழலும் விழுந்த விதத்தைக் கண்டதும், 'இவை மலைகள், இவை பள்ளங்கள்' என்று புரிந்துகொண்டார்.

மரியாவின் படங்களில் பன்னிரண்டு, தகப்பனாரின் நண்பரான மார்சிலி பிரபுவுக்குப் பரிசாகப் போயின. அவர் பொலோன்யாக்காரர். அப்படித்தான் அவை இங்கே வந்தன. மிஞ்சியவை பத்து.

1706-ல் மரியாவுக்குக் கல்யாணம் நடந்தது. மறு வருஷமே பிரசவத்தில் இறந்தாள். வயது 31.

சந்திரனில் 'ஐம்மார்ட்' என்று ஒரு பள்ளம் இருக்கிறது. மரியாவின் ஞாபகார்த்தமோ என்று ஆவலோடு விசாரித்தேன். இல்லை, அது தகப்பனாரின் பெயர். மகளைப் பார்க்க வேண்டுமானால் பொலோன்யாவில்தான் படியேற வேண்டும்.