பூட்டான் ராஜாவும் எங்க ஊர்க் கடலும்

பூட்டான் ராஜா ஜிக்மே சிங்கே வாங்சுக் 1972-ல் 16 வயசில் பட்டத்துக்கு வந்தவர். நாட்டு வருமானத்தைவிட ஜனங்களின் சந்தோஷமே பெரிசு என்றவர். 2006-ல் தாமாகவே பட்டத்தை மகனிடம் ஒப்படைத்தார். 2008-ல் வந்த அவர்கள் அரசியல் சட்டம், நூற்றுக்கு 60 பங்கு நிலம் என்றைக்கும் காடாகவே இருக்கணும் என்கிறது.

மலைநாட்டு ராஜாவுக்கும் வீராம்பட்டினத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இங்கே ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனம் பெருகுகிற காலம். நிவாரணப் பணம் வந்தாலும் மளிகைக் கடன் ஏறத்தான் செய்யும். என் வீட்டுக்காரர் முணுமுணுப்பார். "சினை மீனை இன்னிக்கே வாரிட்டா, நம்ம பிள்ளைங்க எதைப் பிடிப்பாங்க?" என்பேன். பேசாமல் வலையைப் பழுது பார்க்க உட்கார்ந்துவிடுவார்.

ராஜாவுக்குக் காடு, நமக்குக் கடல். வாங்கினதைக் குறையாமல் பிள்ளைகள் கையில் கொடுப்பதுதானே கடமை, சகோதரிகளே!