ஒக்கீச்சோபி ஏரியில் ஒரு காலைப்பொழுது

ஏரியின் கரையிலேயே நின்றுகொண்டு ஏரி எங்கே என்று வினவினோம் என்றால் வாசகர்கள் நகைப்பார்கள். ஆயினும் நடந்தது அதுதான். 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வாழும் நம் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தோம். ஒரு நாள் மருமகன் நம்மையும் பன்னிரண்டு வயதுப் பேரனையும் மீன்பிடிக்க அழைத்துச் சென்றார். பொழுது புலரும் முன்னர், கரும்புத் தோட்டங்களின் நடுவே கார் விரைந்தது. வலப்புறத்தில் உயர்ந்த மண்மேடு ஒன்று மைல் கணக்கில் எங்களுடனேயே வந்தது.

"ஏரி எங்கே, மாப்பிள்ளை?" என்றோம்.

"அந்த மேட்டுக்கு அப்பால்தான் இருக்கிறது, மாமா" என்றார்.

மேட்டின்மீது ஏறி நின்றபோது வாய் அடைத்துப்போயிற்று. எதிர்க்கரை கண்ணுக்கு எட்டவில்லை. ஒக்கீச்சோபி என்பது ஹிச்சிட்டி எனும் பழங்குடி மொழியில் 'பெரிய நீர்' என்று பொருள்படும். பரப்போ ஏறத்தாழ 730 சதுர மைல். சராசரி ஆழமோ ஒன்பது அடிதான்! கடலைப்போல் விரிந்து குளத்தைப்போல் ஆழமின்றிக் கிடக்கும் நீர் இது. அதுவே ஒருமுறை பெருங்கேடாகவும் முடிந்தது. 1928ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி, ஆழமற்ற அந்நீரைத் தென்கரை நோக்கித் தள்ளிற்று. அன்றிருந்த சிறு மண்கரை உடைந்தது. மாண்டவர் 2,500 பேருக்குக் குறையார். அவர்களுள் பெரும்பாலோர் வயல்வேலைக்கு வந்திருந்த கறுப்பினத் தொழிலாளர்கள். வெஸ்ட் பாம் பீச் நகரில் 674 கறுப்பினத்தவரின் உடல்கள் பெயர்ப்பலகையும் இன்றி ஒரே குழியில் புதைக்கப்பட்டன. இன்று ஏரியைச் சூழ்ந்துள்ள 143 மைல் நீளக் கரை அந்தத் துயரத்திற்குப் பின்னர் எழுந்ததே. அதைச் செப்பனிடும் பெரும்பணி 2023இல்தான் நிறைவுற்றது. ஏரியை மறைக்கிறதே என்று சற்று முன்னர் அந்த மேட்டை நொந்துகொண்டதற்காக நாணினோம்.

எங்கள் வழிகாட்டி அறுபதைக் கடந்தவர். ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். அரைநாளுக்கு அவர் பெறும் கட்டணத்தை மனத்துக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்துத் தலைசுற்றியது. இனி அந்நாட்டில் எதையும் மாற்றிப் பார்ப்பதில்லை என உறுதி பூண்டோம். நமக்கும் மருமகனுக்கும் மீன்பிடி உரிமச்சீட்டு முன்னரே வாங்கியாயிற்று. சிறுவர்களுக்கு அது வேண்டியதில்லை.

நாங்கள் தேடிச் சென்றது 'லார்ஜ்மவுத் பாஸ்' என்னும் பெருவாய் மீனை. 1975 முதல் புளோரிடாவின் மாநில நன்னீர் மீன் என்னும் பெருமை இதற்கு உண்டு. வாயின் கோணம் கண்ணையும் தாண்டிப் பின்னே செல்லும். நம் ஊர் விராலைப்போலக் கோரையிலும் புல்லிலும் பதுங்கியிருந்து, இரை அருகே வந்ததும் வாயைப் பிளந்து நீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். இதற்கு உயிருள்ள இரை 'ஷைனர்' என்னும் பொன்னிறச் சிறுமீன். அதன் உதட்டில் முள்ளைக் கோத்து, மிதவை கட்டி, கோரையின் ஓரத்தில் விட்டார் வழிகாட்டி. "மிதவையைப் பாருங்கள். பாஸ் நெருங்கினால் இந்தச் சிறுமீன் அஞ்சி நடுங்கும். மிதவை துள்ளும். அதற்குப் பின்னர்தான் அமிழும்" என்றார். அவ்வாறே ஆயிற்று. துள்ளல், ஒரு கணம் அமைதி, பிறகு நீர் வெடித்தாற்போல் ஓர் ஓசை! ஒரு மணி நேரத்தில் மருமகன் மூன்று மீன்களைப் பிடித்தார். நமக்கு ஒன்று அகப்பட்டுத் தப்பியது. பேரனுக்கு ஒன்றுமில்லை.

ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து மீன்கள் எடுத்துச் செல்லலாம். ஆனால் பதினாறு அங்குலமோ அதற்கு மேலோ உள்ளது ஒன்றுக்கு மேல் கூடாது என்பது சட்டம். மருமகன் பிடித்த பெரியதை வழிகாட்டி நீருக்குள் சற்று நேரம் தாங்கிப் பிடித்து நீந்தவிட்டார். 1972இல் ரே ஸ்காட் என்பவர் தம் போட்டிகளில் மீன்களை உயிருடன் விடுவிக்கும் வழக்கத்தைப் புகுத்தியதிலிருந்து அது நாடெங்கும் பரவிற்றாம். உண்பதற்கு அன்றி மீன் பிடிப்பானேன் என்ற ஐயம் நமக்கு இன்றும் முற்றிலும் தீரவில்லை.

பின்னர்ப் படகு தெளிந்த ஆழமற்ற ஓர் இடத்திற்குச் சென்றது. அடியில், மணலைத் துடைத்தாற்போல் ஒரு வெண்வட்டம் தெரிந்தது. அதன்மேல் ஒரு மீன் அசையாது நின்றது. சற்று அப்பால் அதனினும் பன்மடங்கு பெரிய மற்றொன்று. "சிறியது ஆண், வாலால் மணலை விலக்கிக் கூடு அமைத்தது அதுதான். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பொரிக்கும்வரையும் அதன்பின் குஞ்சுகள் திரியும்வரையும் காவல் காப்பது தந்தையே. அதை நாம் தூக்கிவிட்டால், உள்ளங்கையளவுள்ள புளூகில் மீன்கள் சில நிமிடங்களில் முட்டைகளைத் தீர்த்துவிடும்" என்றார் வழிகாட்டி.

"தூண்டில் போடச் சட்டம் தடுக்கிறதா?" என்று மருமகன் கேட்டார்.

"இல்லை. நான் போடுவதில்லை. நீங்கள் போட்டால் தடுக்கமாட்டேன்."

மருமகன் தூண்டிலைப் பேரன் கையில் கொடுத்தார். பையன் வெறுங்கையுடன் திரும்பக் கூடாது என்பது அவர் எண்ணம், அதில் பிழையில்லை. பேரனோ நம்மைப் பார்த்தான்.

நம் ஊர்க் குளம் நினைவில் எழுந்தது. விரால் குஞ்சுகள் செந்நிறப் பந்துபோல் திரண்டு நீர்மேல் வரும். அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். தவளையைத் தூண்டிலில் கோத்து அப்பந்தின்மேல் ஆட்டினால் காவல் மீன் சீறி வந்து கவ்வும். பசியால் அன்று, சினத்தால்! பத்து வயதில் நாமும் அண்ணனும் அவ்வாறு ஒன்றைப் பிடித்து, ஊரெல்லாம் காட்டித் திரிந்தோம். மறுநாள் போய்ப் பார்த்தபோது, கொக்குகள் நின்றிருந்தன, செம்பந்தைக் காணவில்லை. அதை யாரிடமும் நாம் சொன்னதில்லை. படகில் அன்று சொன்னோம்.

பேரன் சற்று நேரம் நீரையே நோக்கியிருந்தான். பிறகு, "பொரிப்பதற்கு எத்தனை நாளாகும்?" என்று வழிகாட்டியிடம் கேட்டான். மூன்று நான்கு நாள் என்றதும் தூண்டிலை மடக்கி அப்பாவிடம் நீட்டினான். மருமகன் முகம் வாடியது. நாம் வாய் திறவாமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

அதன்பின் வேறு இடங்களில் இரண்டு மணி நேரம் முயன்றும் அவனுக்கு ஒரு மீனும் அகப்படவில்லை. திரும்பும் வழியில் காரில் அவன் ஒன்றும் பேசவில்லை. மருமகன் எடுத்து வந்த இரு சிறு மீன்களை நம் துணைவியார் புளியும் மிளகாய்த்தூளும் இட்டுக் குழம்பு வைத்தார். வஞ்சிரத்தின் சுவை இதற்கு இல்லை என்று அவரே தீர்ப்பும் கூறினார். பேரன் இரண்டாம் முறையும் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டு, "தாத்தா, அந்த விரால் எவ்வளவு பெரிது?" என்றான். முழங்கை நீளம் காட்டினோம். அண்ணன் இருந்திருந்தால் இன்னும் சற்று நீட்டியிருப்பார்.