ராசிபுரத்தில் நின்றுபோன கார்

ராசிபுரம் என்றால் உங்களுக்கு நெய் ஞாபகம் வரும். பட்டுப் புடவையும் வரலாம். எனக்கோ ஈரம் பிடித்த ஒரு கறுப்பு மூடிதான் ஞாபகம் வருகிறது!

2012 ஐப்பசியில், கொல்லிமலை அறப்பளீஸ்வரரைத் தரிசிக்க சேலத்திலிருந்து எங்கள் பழைய அம்பாசிடரில் கிளம்பினோம். கூடவே மகளும் அவளுடைய எட்டு மாதக் கைக்குழந்தையும். இரவு ராசிபுரத்தில் நாத்தனார் வீட்டில் தங்கல். மாலையில் நித்திய சுமங்கலி மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். மற்ற ஊர்களில் திருவிழா முடிந்ததும் கம்பத்தை எடுத்துவிடுவார்கள். இங்கே அம்மன் எதிரில் வருஷம் முழுக்க நிற்கிறது. பெயர்க் காரணமே அதுதான்.

அன்று ராத்திரி நல்ல மழை. கார் வாசலில் நனைந்துகொண்டே நின்றது. காலையில் சாவியைத் திருப்பினால் கிர்... கிர்... என்று சுற்றுகிறதே தவிர, பிடிக்கவே இல்லை. என்னவர் விடாமல் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"அண்ணா, விடுங்க. பேட்டரியும் இறங்கிப்போச்சுன்னா தள்ளத்தான் வேணும்" என்ற நாத்தனார், பக்கத்துத் தெருவிலிருந்து லாரி எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டி வந்தார். பெரியவர், நிதானமான மனிதர்.

"இஞ்சின் நல்லா சுத்துதுங்களே, பேட்டரி மேல குத்தமில்லீங்க. பெட்ரோல் வாடையும் வருது. நெருப்புதான் போய்ச் சேரல" என்றார். பிளக்குக்குப் போகும் ஒயர் ஒன்றைக் கழற்றி, ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடித்து, நுனியை இஞ்சின் இரும்புக்குச் சற்றுத் தள்ளி வைத்தார். சாவியைத் திருப்பியும் பொறி இல்லை. அடுத்து, காயிலிலிருந்து வரும் நடு ஒயரை அதேபோல் வைத்தார். பளிச்சென்று நீலப் பொறி! அப்படியானால் காயிலும் பாயிண்டும் சரி. கோளாறு நடுவில் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில்தான். (நாம் தொட்டுப் பார்க்கிற வேலையில்லை இது. பேட்டரியின் 12 வோல்ட்டை காயில் பல ஆயிரம் வோல்ட்டாக்கி விடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாத இந்தக் காலத்துக் கார்களில் ஒயரைப் பிடுங்கவே கூடாதாம்.)

இரண்டு கிளிப்பை நெம்பி மூடியைக் கழற்றினார். உள்ளே பொடிப் பொடியாய் நீர்த்துளி. "காஞ்ச துணி இருக்குங்களாம்மா?" என்றார். குழந்தைக்கென்று துவைத்து மடித்து வைத்திருந்த பழைய வேட்டித் துணியைக் கொடுத்தேன். மூடி, உள்ளே சுற்றும் ரோட்டார், ஒயர் நுனிகள் எல்லாவற்றையும் துடைத்து மாட்டினார். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது!

"சரி, ஏறுங்க" என்று என்னவர் அவசரப்படுத்தினார். துடைக்கும்போது அந்த மூடிக்குள் மயிரிழை போல் ஒரு கரிக்கோட்டை நான் பார்த்திருந்தேன். அது என்னவென்று கேட்டேன். "விரிசலுங்க. கொஞ்சம் ஈரம் பட்டாலும் நெருப்பு அது வழியா ஓடிப்போயிரும்" என்றார் பெரியவர்.

காரவள்ளியிலிருந்து மலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே மூடுபனி, மடியில் பச்சைக் குழந்தை. புது மூடி மாட்டாமல் வரமாட்டேன் என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். என்னவர் முணுமுணுத்துக்கொண்டே கடை திறக்கிற வரை காத்திருந்தார்.

மலையில் எதிரே வருகிற வண்டி தெரியாத அளவுக்குப் பனி. தரிசனம் முடித்து வந்து பார்த்தால் கார் மேலெல்லாம் தண்ணீர் முத்து. சாவியை வாங்கி நானே திருப்பினேன். உடனே பிடித்தது. திரும்பும் வழியில் ராசிபுரத்தில் ஒரு கிலோ நெய் வாங்கிப் பெரியவர் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் சேலம் வந்தோம்.