கம்பு வயலில் ஒரு காடு

ஆபிரிக்காக் கண்டத்தின் படத்தை விரித்துப் பார்த்தால், சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கே, அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து செங்கடல் வரை நீண்டு கிடக்கும் நிலப்பட்டி ஒன்று நம் கண்ணிற் படும். அது பாலைவனமுமன்று, காடுமன்று. ஆண்டில் மூன்று நான்கு மாதங்களே மழை காணும் புல்வெளி அது. பாலைவனத்தை ஒட்டிய அதன் ஓரத்தைச் 'சாகேல்' என்பர். அரபு மொழியிலே அச்சொல்லுக்குக் 'கரை' என்பது பொருள். மணற்கடலுக்கும் ஒரு கரை வேண்டுமன்றோ?

அக்கரையிலுள்ள நைஜர் நாட்டுக்கு நாம் இன்று செல்வோம். அந்நாட்டின் தென்பகுதியில், நைஜீரிய எல்லைக்கு அண்மையில், மராடி என்னும் நகர் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே, பழைய சுல்தான்களின் தலைநகராகிய ஸிண்டர் வரை இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடுவீதி செல்கிறது. அவ்வீதி வழியே மாசி, பங்குனி மாதங்களிற் செல்பவர்கள் ஒரு புதுமையைக் காண்பார்கள். தரையெல்லாம் வெறும் மணல். அறுவடை முடிந்த கம்பந்தாள்கள் ஆங்காங்கே நிற்கின்றன. ஆனால் அம்மணலின்மேல் பச்சைக் குடைகளை விரித்தாற்போல மரங்கள் நிற்கின்றன. ஆடுமாடுகள் அவற்றின் நிழலிற் படுத்திருக்கின்றன.

அங்கு வாழும் ஹௌசா மக்கள் அம்மரத்தைக் 'காவோ' என்று அழைக்கின்றனர். தாவர நூலார் அதனை ஒரு காலத்தில் நம் நாட்டு வேல மரத்தின் இனத்தோடு சேர்த்திருந்தனர். இப்பொழுது பைதர்பியா அல்பிடா எனத் தனிப் பெயர் கொடுத்துள்ளனர். அதன் இயல்பு விந்தையானது. உலகமெல்லாம் தளிர்க்கும் மழைக்காலத்தில் அது இலையுதிர்த்து மொட்டையாய் நிற்கும். மற்ற மரங்கள் வாடும் கோடையில் அது பசுமை கொள்ளும். ஆகவே ஆடி, ஆவணியிற் கம்பு வளரும்போது அதன்மேல் நிழல் விழுவதில்லை. உதிர்ந்த இலை பயிருக்கு உரமாகிறது. வேர்கள் நைதரசனை மண்ணிற் சேர்க்கின்றன. கோடையிலே புல் இல்லாதபோது அதன் நெற்றுக்கள் கால்நடைகளுக்குத் தீனியாகின்றன. நெற்றைத் தின்ன வந்த மாடு சாணத்தையும் அங்கேயே விட்டுச் செல்கிறது. மரத்தடியிற் கம்பு செழித்து நிற்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இத்தகைய மரத்தை எவராவது வெட்டுவாரா என வாசகர்கள் கேட்கலாம். வெட்டினார்கள், அதற்குக் காரணமும் இருந்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், 1935ஆம் ஆண்டுச் சட்டமொன்று இத்தகைய மரங்களை அரசாங்கப் பாதுகாப்பில் வைத்தது. தன் வயலில் நிற்கும் மரமேயாயினும், அனுமதியின்றி வெட்டிய உழவன் வனக்காவலருக்குத் தண்டம் செலுத்தவேண்டியதாயிற்று. 1960இல் நாடு சுதந்திரமடைந்த பின்னரும் இந்நிலை நெடுநாள் நீடித்தது. தனக்குப் பயன்படாத மரத்தை எவன் பேணுவான்? உழவர்கள் முளைகளைக் களையோடு களையாகக் களைந்தெறிந்தனர். 1970ஆம் ஆண்டுகளிற் கொடிய வறட்சியும் சேர்ந்துகொண்டது. காற்றைத் தடுக்க மரமில்லாமையால், பறந்துவரும் மணல் இளம்பயிரை மூடிற்று. ஒரே பருவத்தில் இரண்டு மூன்று முறை விதைத்தவர்களும் உண்டு.

இந்நிலையில் டோனி ரினாடோ என்னும் அவுஸ்திரேலியர் மராடியில் மரம் நடும் பணியில் ஈடுபட்டிருந்தார். அவர் நட்ட கன்றுகளிற் பெரும்பாலானவை பட்டுப்போயின. 1983ஆம் ஆண்டில் ஒருநாள், மணல் வழியிலே வாகனத்தை நிறுத்தியவர், அருகில் நின்ற செடியொன்றை உற்று நோக்கினார். அது களைச்செடியன்று, வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து வெடித்த துளிர்! அத்தகைய கட்டைகள் வயலெங்கும் இருந்தன. மேலே மரம் போயினும், கீழே வேர் உயிரோடு இருந்தது. நிலத்தின் அடியிலே ஒரு காடு ஒளிந்திருந்தது எனலாம்.

செய்யவேண்டியதும் எளிதாகவே இருந்தது. ஒரு கட்டையில் வெடிக்கும் துளிர்களில் நல்லவை நாலைந்தை விட்டு, மற்றவற்றைக் கழித்துவிடவேண்டும். பக்கக் கிளைகளைக் கவ்வாத்துச் செய்யவேண்டும். பின்னர் ஆண்டுக்கொரு தண்டை வெட்டி விறகாக்கலாம். நாற்றுமேடையும் வேண்டாம், நீரும் வேண்டாம். அயலார் முதலில் நகைத்தனர். 1984ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், வேலைக்கு உணவு கொடுக்கும் திட்டத்தின்கீழ்ப் பல ஊரார் இம்முறையைக் கைக்கொண்டனர். வனக்காவலரின் கெடுபிடியும் தளர்ந்தது. அதன்பின் ஓர் உழவரைப் பார்த்து மற்றொருவராக முறை பரவலாயிற்று.

2000ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்து நாட்டுக் கிறிஸ் ரைய், அமெரிக்க நாட்டுக் கிரே தப்பன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் பழைய வான்படங்களையும் புதியவற்றையும் ஒப்பிட்டு நோக்கினர். ஏறத்தாழ 50 இலட்சம் ஹெக்டேர் நிலத்தில் மரங்கள் மீண்டிருந்தன. அவற்றின் தொகையை 20 கோடி எனக் கணித்தனர். இலங்கைத் தீவின் முக்காற் பங்கு அளவான நிலமென்றால் அதன் பரப்பு நமக்கு விளங்கும். மக்கள் நெருங்கி வாழுமிடத்தில் மரம் அழியும் என்பது பொதுவான எண்ணம். அங்கோ மக்கள் மிகுந்த இடத்திலேயே மரமும் மிகுந்திருந்தது.

இனி, உலகம் இம்மரங்களைத் திரும்பிப் பார்க்கும் காரணத்துக்கு வருவோம். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உண்டு, அதன் காபனைத் தண்டிலும் வேரிலும் சேமிப்பது மரத்தின் தொழில். காய்ந்த மரத்தின் எடையிற் பாதியளவு காபனே. 2023இல் நாசா நிறுவனத்து விஞ்ஞானிகளும் பிறரும், செய்மதிப் படங்களைக்கொண்டு சகாராவுக்குத் தெற்கேயுள்ள வறண்ட பட்டியின் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணி முடித்தனர். 990 கோடி மரங்கள். அவற்றில் 84 கோடி தொன் காபன்! மரமொன்றுக்குச் சராசரி 85 கிலோ ஆகிறது.

பெருந்தொகைதான். ஆயினும் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து உலகம் ஆண்டுதோறும் காற்றில் விடும் காபன் ஏறத்தாழ 1,000 கோடி தொன். சமுத்திரத்திலிருந்து செங்கடல் வரை நிற்கும் அத்தனை மரங்களும் சேர்த்து வைத்திருப்பது, நம் உலகம் ஒரு மாதத்தில் ஊதித் தள்ளும் புகைக்கே ஈடாகும். செல்வ நாடுகள் தம் புகையைக் குறையாது விட்டு, ஏழை உழவனின் கம்பு வயலைத் தமக்குப் பிராயச்சித்தமாகக் காட்டுதல் கணக்குக்கும் ஒவ்வாது, நீதிக்கும் ஒவ்வாது.

அப்படியானால் அம்மரங்களால் ஆவதென்ன? அவ்வுழவனைக் கேட்டால், காபனென்ற சொல்லையே அவன் எடுக்கமாட்டான். மணற்காற்று தணிந்தது, வீட்டுப் பெண்கள் விறகுக்காக நெடுந்தூரம் நடப்பது குறைந்தது, கோடையில் ஆடு பிழைத்தது, மழை பொய்த்த ஆண்டிலும் விற்க ஒரு கட்டு விறகு இருந்தது என்பான். இந்நன்மைகள் உள்ளவரையில் மரம் நிற்கும். மரம் நிற்கும்வரையில் காபனும் அதனுள் அடங்கியிருக்கும். 2020இல் நைஜர் அரசாங்கம் இம்முறைக்கென ஓர் ஆணை பிறப்பித்தது. வனக்காவலர் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக் காத்த காலத்தில் அழிந்த மரம், உழவனுக்குப் பயன்படத் தொடங்கியபின் தானே தழைத்தது. வறண்ட நாட்டிற் காடு வளர்க்க விரும்புவோர் முதலில் அறியவேண்டியது இதுவேயாகும்.