இருளுக்கும் ஒரு மரியாதை

திருகோணமலைப் பட்டணத்தை அடுத்துள்ள அன்புவழிபுரத்தின் பெயரை முதன்முறை கேட்போர், அதனை மறுமுறையும் சொல்லிப் பார்ப்பதுண்டு. ஊர்ப் பெயர்களில் மரமும் குளமும் மேடும் வருதல் இயல்பு. அன்பும் வழியும் சேர்ந்து வருதல் அருமை. இவ்வூர்ப் பிள்ளைகளுக்குச் சுற்றுலா என்றால் பெரும்பாலும் கண்டி வீதிதான். விடியுமுன் பஸ் வண்டியில் ஏறினால், கந்தளாய்க் குளத்துக் காற்று முகத்திற் படும் வேளையில் பொழுது புலரும். ஹபரணைக் காட்டில் யானையைத் தேடித்தேடிக் கண்கள் அலுத்துப்போகும். நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் கடந்ததும் தம்புள்ளைக் குன்று தென்படும்.

அவ்வழியே மாணவரை அழைத்துக்கொண்டு பலமுறை போய்வந்தவன் என்ற முறையில், சிறு பொருளொன்றைப்பற்றி வாசகர்களோடு பேச விரும்புகிறேன். இருட்டான இடங்களிற் படமெடுக்கையில் பளிச்சென்று எரிகிறதே, பிளாஷ் விளக்கு, அதனை எங்கே ஏற்றலாம், எங்கே ஏற்றலாகாது என்பதே அப்பொருள். ஒருவருடைய விரல்நுனி ஐம்பது பேருடைய காட்சியைக் கெடுத்துவிடக் கூடுமாயின், அது அத்துணைச் சிறிய பொருளும் அன்று.

தம்புள்ளையில் உள்ளவை ஐந்து குகைகள். கி.மு. முதலாம் நூற்றாண்டில் அரசிழந்த வலகம்பா மன்னன் இங்கே ஒளிந்திருந்தான் என்றும், மீண்டும் முடிசூடியபின் இவற்றைக் கோயில்களாக்கினான் என்றும் கூறுவர். இன்று கூரையெங்கும் காணும் ஓவியங்களிற் பெரும்பாலானவை கண்டி அரசர் காலத்தவை. பதினெட்டாம் நூற்றாண்டில் தீட்டப்பட்டவை. 1991இல் இவ்விடம் உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாயிற்று. இரண்டாவது குகையே மிகப் பெரியது. ஐம்பது மீற்றருக்கு மேல் நீளமுடையது. காலணியைக் கழற்றிவிட்டுச் சுடுபாறையைக் குதிகாலால் மிதித்துக் கடந்து அதனுள் நுழைந்தால், முதலில் ஒன்றுமே தெரியாது. குளிர்ச்சி தெரியும், எங்கோ ஒரு துளி நீர் கலத்தில் விழும் ஓசை கேட்கும். சிறிது நேரம் கழித்து ஒரு புத்தர் சிலையின் தோள் புலப்படும். பின்னர் அதன் அருகே மற்றொன்று, அதற்கப்பால் ஒரு வரிசை. தலையை உயர்த்தினால் கற்கூரையின் மேடுபள்ளமெல்லாம் துணி விரித்தாற்போலச் சிவப்பும் மஞ்சளுமாய் விரிந்துகொண்டே போகும். குகை மெல்லமெல்லத் தன்னைத் திறந்து காட்டுகிறதோ என்று தோன்றும். உண்மையிலே திறப்பது நமது கண்.

ஒருமுறை என் மாணவர் நாற்பது பேரும் அவ்வாறு அண்ணாந்து நின்ற தறுவாயில், பின்னாலிருந்து யாரோ ஒரு பயணி பளிச்சென்று விளக்கை எரித்தார். அவ்வளவுதான். கூரை மறைந்தது; எல்லோர் கண்ணிலும் ஒரு பச்சைப் புள்ளி மிதந்தது. காவலர் ஓடிவந்து பலகையைச் சுட்டிக் காட்டினார். என் மாணவி ஒருத்தி, “சேர், நான் அந்த மூலையில இருந்த யானையைப் பார்த்துக்கொண்டு இருந்தனான், இப்ப காணேல்லை” என்றாள். யானை அங்கேயேதான் இருந்தது. ஆனால் பஸ் காத்திருந்தது. எங்களுக்கு நேரம் இருக்கவில்லை.

பலகையில் ‘பிளாஷ் கூடாது’ என்று எழுதியிருப்பது எதற்காக? ஓவியம் கெட்டுவிடும் என்பதற்காக என்றே பலரும் விடை கூறுவர். பக்கத்திலுள்ள சிகிரியாவில் இன்னும் கண்டிப்பு. ஐந்தாம் நூற்றாண்டுக் காசியப்பன் காலத்துப் பெண்டிர் ஓவியங்களை அங்கே படமெடுக்கவே விடுவதில்லை. 1967இல் யாரோ சில தீயோர் அவ்வோவியங்கள்மேல் பச்சை வண்ணத்தைப் பூசிப் பாழ்படுத்தினர். அந்த அனுபவம் உள்ள நாட்டிற் காவல் கடுமையாயிருப்பதிற் குறைகூற இடமில்லை.

எனினும் அறிவியல் கூறுவதையும் கேட்கவேண்டும். இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தைச் சேர்ந்த டேவிட் சாண்டர்ஸ் என்பார் 1995இல் இதுபற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிளாஷ் என்பது ஆபத்தா, அல்லது வெறுந் தொல்லையா என்பதே அதன் தலைப்பிலுள்ள கேள்வி. நிறப்பொருள்கள்மேற் பன்முறை விளக்கை எரித்துப் பார்த்து, அதே அளவு ஒளி காட்சிக்கூட விளக்கிலிருந்து விழுந்தால் விளையும் மங்கலைக் காட்டிலும் பெரிய கேடு இதனால் இல்லை என்ற முடிவுக்கே அவர் வந்தார். ஆகவே, “நான் ஒருதரம் எரித்தால் ஓவியம் வெளுத்துவிடுமா?” என்று கேட்கும் கெட்டிக்கார மாணவனை வேதியியலைக் காட்டி அச்சுறுத்த முடியாது. அவனுக்குச் சொல்லவேண்டிய காரணம் வேறு.

அக்காரணம் தெளிவாகத் தெரியவேண்டுமானால், ஓவியமே இல்லாத ஓர் இருட்டுக்குப் போகவேண்டும். எங்கள் பகுதிக்குக் கானிவல் வரும் காலத்தில் தகரமும் கறுப்புத் துணியும் கொண்டு ஒரு பேய்வீடு கட்டுவார்களே, அது போதும். அதன் அண்ணன்மார் வெளிநாடுகளில் உள்ளனர். கலிபோர்னியாவில் 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தில் முதல் நாளிலிருந்தே இருட்டுச் சவாரிகள் இருந்தன. வண்டியிலோ படகிலோ உட்காரவைத்து இருளினூடே கொண்டுபோவார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு காட்சி தோன்றி மறையும். கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிரைப் பாய்ச்சி, அதற்கென்று செய்த வண்ணங்கள்மட்டும் ஒளிரும்படி செய்வது ஒரு தந்திரம். 1969இல் அங்கே திறந்த பேய்மாளிகையில் உள்ள தந்திரமோ இன்னும் பழையது. 1862இல் இலண்டனில் பெப்பர் என்ற பேராசிரியர் மேடையிற் காட்டிய வித்தை அது. பெரிய கண்ணாடியைப் பார்வையாளர் அறியாவண்ணம் நிறுத்தி, மறைவிடத்தில் ஒளியூட்டிய உருவத்தின் நிழலுருவை அக்கண்ணாடியில் விழச்செய்தால், ஆவியொன்று காற்றில் நிற்பதுபோலத் தோன்றும்.

அங்கே பழுதாவதற்கு ஐந்தாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றும் இல்லை. ஆயினும் பிளாஷ் எரிக்கவேண்டாம் என்று அங்கும் பயணிகளைக் கேட்டுக்கொள்கிறார்கள். ஏனெனில் ஒரு விளக்கு எரிந்தால் ஆவி கண்ணாடியாகிவிடும். கடற்கொள்ளைக்காரன் இரும்புக் கம்பியும் மெழுகுத் துணியும் ஆகிவிடுவான். வானம் கறுப்புச் சாயம் பூசிய கூரையாகிவிடும். முன்வரிசையில் தகப்பனின் கையைப் பற்றிக்கொண்டு, அச்சமும் மகிழ்ச்சியும் ஒருங்கே அனுபவித்திருந்த குழந்தை அதைப் பார்த்துவிடும். பார்த்ததை அதனால் பாராததாக்க இயலாது. படமெடுத்தவர் ஏற்கெனவே பத்துமுறை அச்சவாரியிற் சென்றவராக இருக்கலாம். அக்குழந்தைக்கு அது முதல்முறையாக இருக்கலாம்.

இருள் என்றால் ஒளி இல்லாமை என்றே பாடப்புத்தகம் கூறும். இத்தகைய இடங்களிலோ அது ஒருவர் உழைத்துச் செய்துவைத்த பொருள். சபையோர் அனைவருக்கும் பொதுவான உடைமை. கண்மணி விரிவதற்குச் சில விநாடி போதும். விழித்திரையிலுள்ள நுண்கோல்கள் இருளுக்கு முற்றாகப் பழகுவதற்கோ ஏறக்குறைய அரைமணி நேரம் செல்லும். ஒரு பளிச்சொளி அந்தச் சேமிப்பிற் பெரும்பகுதியைக் கணத்திற் செலவழித்துவிடுகிறது. அடுத்தவர் சேமிப்பையும் சேர்த்து!

நம்மவர்க்கு இது புதிய செய்தியா? கோயிற் கருவறையை ஏன் சாளரமின்றிக் கட்டினார்கள் என்பதற்குச் சிற்பியரும் சமயநெறியாளரும் பல விளக்கம் தருவர். திரை விலகி, மணி ஒலிக்க, கர்ப்பூரச் சுடர் உயரும்போது, அந்த ஒரு சுடருக்காகவே அவ்விருள் காத்திருந்தது என்பது கோணேசர் சந்நிதியில் நின்ற எவருக்கும் தெரியும். கருவறையைப் படமெடுக்கலாகாது என்ற வழக்கத்தை நாம் கேள்வியின்றி ஏற்கிறோம். ஆனால் கோயில் மண்டபத்துத் திருமணங்களிலே படப்பிடிப்பாளரின் முதுகைத்தான் உறவினர் தரிசிக்கவேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வளவு தொல்லைக்கும் பயனாகக் கிடைக்கும் படமாவது நல்லதாக இருக்குமா என்றால், அதுவும் இல்லை. தொலைவு இரு மடங்கானால் ஒளி நாலிலொரு பங்காகக் குறையும். கைத்தொலைபேசியின் சிறு விளக்குச் சில மீற்றர் தூரத்துக்கே எட்டும். ஐம்பது மீற்றர்க் குகையை அதனால் எடுத்தால், முன்னே நின்றவரின் பின்னந்தலை வெள்ளையாகவும் குகை கறுப்பாகவும் பதியும். முன்னாளில் பிளாஷ் குமிழ் ஒன்று ஒருமுறைதான் எரியும். காசைக் கொடுத்து வேறு வாங்கவேண்டும். எரிக்குமுன் சிந்திக்க அச்செலவே ஒரு வாத்தியாராக இருந்தது. இன்றைய விளக்குக்குச் செலவில்லை. பெரும்பாலும் அது தானாகவே எரிகிறது. எரித்தவர்களிற் பாதிப்பேர் அது எரியப்போகிறது என்று அறிந்திருக்கமாட்டார்கள்.

ஆதலின் பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்குமுன் என் கட்டளை ஒன்றே: தொலைபேசியைத் திறந்து, பிளாஷ் அடையாளத்தைத் தொட்டு, தானியங்கியிலிருந்து அணைத்துவிடுங்கள். திரையின் வெளிச்சத்தையும் குறையுங்கள். தலைக்குமேல் தூக்கிப் பிடித்த திரையும் பின்னால் நிற்பவருக்கு ஒரு விளக்கே. கையைத் தூணிலோ சுவரிலோ சாய்க்கத் தோன்றும். தம்புள்ளையில் அச்சுவரும் ஓவியம் என்பதை மறவாதீர்கள். முழங்கையை மார்போடு அணைத்து, மூச்சை அடக்கி எடுத்தால் இக்காலத்துக் கருவிகள் உள்ள ஒளியிலேயே போதுமானதைப் பதிந்துகொள்ளும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுப்பதும் அங்கே பெரும்பிழை. அது அவர்கள் வழிபாட்டிடம்.

அடுத்தவர் எரித்துவிட்டால் என்ன செய்வது? உரத்துக் கண்டித்தால், ஒளியால் இழந்ததைப் போதாதென்று ஒலியாலும் இழப்போம். எங்கள் அன்புவழிபுரத்துப் பையன் ஒருவன் ஒருநாள் அக்குகையிலே வெள்ளைக்காரர் ஒருவரின் தோளை மெல்லத் தொட்டு, தன் தொலைபேசியில் அணைக்கவேண்டிய அடையாளத்தைக் காட்டினான். அவர் தம்முடையதிலும் தேடி அணைத்தார். பிறகு இருவரும் அருகருகே நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த தங்கை அவசரப்பட்டபோது, அவன் திரும்பாமலே, “கொஞ்சம் பொறு, கண் பழகட்டும்” என்றான்.